மண் தாங்கு கற்சுவரும் நம் முன்னோர் தொழிலும்



கோபுரத்தை அண்ணாந்து நோக்குவார் பலர். குளத்துப் படியைக் குனிந்து நோக்குவார் மிகச் சிலர். திருவண்ணாமலைக்கு வரும் அன்பர்கள் கீழை வாயிலில் நின்று, 217 அடி ஓங்கிய இராஜகோபுரத்தைக் கண்டு கைகூப்புகின்றனர். அதனைத் தொடங்கியவர் விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் என்பதும், முடித்தவர் தஞ்சைச் சேவப்ப நாயக்கர் என்பதும் இவ்வூரில் சிறுவரும் அறிந்த செய்தி. அக்கோபுரத்தைக் கடந்து உட்புகுந்தால் ஒருபுறம் ஆயிரங்கால் மண்டபமும், அதற்கு எதிரே நாற்புறமும் கற்படிகள் சூழ்ந்த சிவகங்கைத் தீர்த்தமும் காணலாம். மண்டபத்தோடு இக்குளமும் ராயருடைய திருப்பணியே என்று 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உரைக்கின்றது. மண்டபத்தின் தூண்களை எண்ணிப் பார்ப்பவர்கள் குளத்தின் படிகளை எண்ணுவதில்லை. அவை கால் கழுவ இறங்கும் வழியென்றே பலரும் கருதுகின்றனர்.

உண்மை யாதெனின், அப்படிகள் இறங்குவதற்காக மட்டும் அமைந்தவை அல்ல. நாற்புறத்து நிலமும் பள்ளத்தை நோக்கிச் சரிய முயல்கின்றது. அச்சரிவை இரவும் பகலும், கோடையும் மாரியும் தடுத்து நிற்பவை அக்கற்களே. ஒரு படியின் மேல் ஒரு படியாகப் பின்னோக்கி ஏறும் அக்கற்கட்டு, மண்ணைத் தாங்கும் சுவரேயாகும். ஐநூறு ஆண்டுகளாக அது தன் கடமையைச் செய்துவருகின்றது. அது சரியாக நிற்கின்றமையால் நாம் அதனை நினைப்பதே இல்லை. ஒருநாள் சரிந்து விழுந்தால் மட்டுமே நினைப்போம்.

மண்ணைத் தாங்கும் கற்சுவர் எதனால் நிற்கின்றது, அதனைக் கட்டிய கைகள் எவருடையவை, அவ்வறிவை நாம் கைவிட்டால் விளையும் தீங்கு யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் எழுதத் துணிந்தேன். நம் சங்கத்து மாத இதழில் இதனை எழுதுவது பொருந்தும். என்னை? இது நம் வீட்டு வரலாறு.

குலமும் தொழிலும்

நம் குலத்தாரைப் போயர் என்றும் ஒட்டர் என்றும் நாட்டார் வழங்குவர். ஒட்டர் என்னும் பெயர் ஒட்டர தேசமாகிய ஒரிஸ்ஸாவை ஒட்டி வந்தது என்பது பெரியோர் கூற்று. தெலுங்கு நாட்டின் வழியே நாம் தமிழகம் புகுந்தோம் என்பதற்கு, நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்றும் பேசப்படும் தெலுங்கு மொழியே சான்று பகரும். தொழிலை நோக்கி நம்மை இரு கிளையாக வகுப்பர். மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஏரியும் குளமும் கிணறும் வெட்டியோர் மண் ஒட்டர். உளியும் சம்மட்டியும் கடப்பாரையும் கொண்டு பாறையைப் பிளந்து கல் எடுத்தோர் கல் ஒட்டர். எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலும், கிணறு தோண்டுதல், ஏரிக்கரை எடுத்தல், கல் உடைத்தல் ஆகியவற்றில் கைதேர்ந்தவர் என நம்மைக் குறித்துள்ளார்.

இத்தகைய குலத்துக்கு நாடு கொடுத்த கைம்மாறு யாது? ஏரியைக் கட்டிய கையை அந்நிய அரசாங்கம் குற்றவாளியின் கை என்று எழுதி வைத்தது. 1871ஆம் ஆண்டில் வட நாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வேலை கிடைக்கும் ஊர் தேடிக் குடும்பத்தோடு நடப்பதே நம் தொழிலின் இயல்பு. ஓரூரில் ஏரி முடிந்தால் அடுத்த ஊரில் கிணறு. நிலையாக ஓரிடத்தில் தங்காதவரை ஐயத்தோடு பார்த்த சட்டம் நம் கிளைகள் சிலவற்றையும் அப்பட்டியலில் சேர்த்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலும், இந்தியா முழுமையிலும் 1952ஆம் ஆண்டிலும் அச்சட்டம் ஒழிந்தது. ஆயினும் இன்றைய சீர்மரபினர் பட்டியலில் கல் ஒட்டர் என்னும் பெயரும், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு உரியதாக நெல்லூர்ப்பேட்டை ஒட்டர் என்னும் பெயரும் இருப்பதைக் காணலாம். இச்சலுகை நமக்கு உரியதே, அதனை மறுப்பாரில்லை. ஆனால் அப்பட்டியலின் பின்னே உள்ள கதையை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். தம் பாட்டன் எதற்காகப் பட்டியலில் எழுதப்பட்டான் என்பதை மட்டும் அறிந்து, அவன் எதனைக் கட்டினான் என்பதை அறியாதிருத்தல் நமக்கு இழுக்கு.

ஏரியும் கரையும்

நம் மாவட்டத்திலேயே மாமண்டூர் என்னும் ஊர் உளது. அங்குள்ள பேரேரி பல்லவர் காலத்தது. சித்திரமேக தடாகம் என்பது அதன் பழம்பெயர். 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனோடு அதனை இணைத்துக் கூறுவர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் ஒரு மண் கரை நிற்கின்றதென்றால், அதனை ஒருமுறை கட்டிவிட்டு மறந்ததனால் அன்று, தலைமுறைதோறும் செப்பனிட்டதனால். செங்கற்பட்டுச் சீமையிலே உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் என ஒரு தனிச் சபையையே குறிக்கின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்த நாடு இது.

ஏரிக்கரையைப் பார்த்திருப்பீர். வெளிப்புறம் புல்லும் பனையும் இருக்கும். நீர்ப்புறச் சரிவிலோ கற்களைப் பாவியிருப்பர். காற்று எழுப்பும் அலை நாள்தோறும் மோதி மண்ணை அரிக்கும். அக்கற்கள் அவ்வடியைத் தாங்கிக்கொள்ளும். சாந்து பூசி அவற்றை ஒட்டுவதில்லை. ஒன்றோடொன்று முட்டுக் கொடுத்து, இடையே சில்லுக் கற்களைச் செருகி, தன் எடையாலேயே கல் தங்கும்படி வைப்பர். கரை சற்றே அமிழ்ந்தாலும் கற்களும் உடன் அமிழ்ந்து மீண்டும் பொருந்திக்கொள்ளும். சாந்திட்டு இறுக்கிய பரப்பு அவ்வாறு அசையாது. உள்ளே மண் அமிழ்ந்தபின் வெற்றிடத்தின் மேல் நின்று, ஒருநாள் பிளந்து விழும்.

ஆண்டுதோறும் கோடையில் கரைமேல் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் பிடுங்குதல், சரிந்த கல்லை மீள வைத்தல், நரி நண்டுகளின் வளையை அடைத்தல் ஆகியன குடிமராமத்து எனப்பட்டன. ஊரார் தம் உடலுழைப்பைத் தரவேண்டும் என்னும் அவ்வழக்கத்தை 1858ஆம் ஆண்டில் சட்டமாகவும் இயற்றினர். சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கம் மெல்ல மெல்ல நாட்டில் அருகியது. தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் அப்பெயரையே சூட்டி ஏரிப் பணிகளை மீண்டும் தொடங்கியது. பெயர் மீண்டது நன்றே. ஆனால் எந்தக் கல்லை எவ்வாறு வைப்பது என்னும் கைப்பழக்கம் பெயரோடு தானாக மீள்வதில்லை.

கல்லணையைப் பற்றியும் ஒரு சொல். கரிகாலன் எழுப்பியதாக வழிவழி வரும் அவ்வணை ஏறத்தாழ 1,080 அடி நீளமுடையது. காவிரியின் ஆழங்காணா மணலில் பெருங்கற்களை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கி, களிமண்ணால் இறுக்கிய வேலை அது. 1836ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கிய ஆர்தர் காட்டன் துரை, நெகிழ்ந்த மணலில் அடிமானம் இடும் வித்தையை இந்நாட்டுப் பழங்கட்டடங்களைக் கண்டே கற்றதாகப் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் கற்றுக்கொண்டது ஏட்டைப் படித்து அன்று, கல்லைப் பார்த்து. எழுதத் தெரியாத கைகள் கல்லில் எழுதி வைத்த பாடம் அது.

சுவர் எதனால் நிற்கின்றது?

இனி, நம் முன்னோர் கையறிவின் உட்பொருளைச் சிறிது காண்போம்.

மண்ணைக் குவித்தால் அது ஓர் அளவு சாய்வாகவே நிற்கும், செங்குத்தாக நில்லாது. செங்குத்தாக நிறுத்த விரும்பினால், சரிய முயலும் பகுதியை ஒரு சுவர் தடுத்துத் தாங்க வேண்டும். இந்த விசையை முதன்முதல் செம்மையாகக் கணக்கிட்டவர் கூலோம் என்னும் பிரெஞ்சுப் படைப் பொறியாளர். மார்த்தினிக்குத் தீவில் கோட்டை கட்டும் பணியில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் உழைத்துத் தாயகம் திரும்பிய அவர், 1773ஆம் ஆண்டில் பாரிஸ் நகர் அறிவியற் கழகத்தில் தம் ஆராய்ச்சியைப் படித்தார். சுவரின் பின்னுள்ள மண் ஆப்பு வடிவாகப் பிரிந்து, ஒரு சாய்தளத்தின் மீது வழுக்கிச் சுவரைத் தள்ளுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. பாறையைப் பிளக்க ஆப்பு அடித்த நம்மவர்க்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது. ஆப்பின் வலிமை அவர்கள் நாள்தோறும் கண்டதே.

அக்கணக்கு வழியே நாம் அறிவன இரண்டு. முதலாவது: சுவரின் உயரம் இரட்டித்தால் அதன்மேல் மண் செலுத்தும் தள்ளுவிசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கும் ஆற்றலோ எட்டு மடங்காகும். நாலடிச் சுவர் கட்டிப் பழகியவன், அதே கனத்தில் எட்டடி எழுப்பினால் அது விழுவதில் வியப்பில்லை. இரண்டாவது: நீர். மணற்பாங்கான காய்ந்த மண்ணைத் தாங்கும் பத்தடிச் சுவரின் ஒவ்வோரடி நீளத்திலும் ஏறத்தாழ 800 கிலோ எடைக்கு ஈடான விசை தள்ளும். மழை பெய்து, நீர் வெளியேற வழியின்றிச் சுவரின் பின்னே முற்றும் தேங்கிவிட்டால், அதே சுவர்மீது 1,800 கிலோவுக்கு மேற்பட்ட விசை வந்து நிற்கும். மண் அதுவே, சுவரும் அதுவே. விசை மட்டும் இருமடங்குக்கு மேலாகிவிட்டது. ஆதலின் தாங்குசுவர்களைக் கொல்லும் பகை, பெரும்பாலும் மண்ணைவிட நீரே என்க.

நம் முன்னோர் இக்கணக்கைப் போட்டறியார். ஆனால் அதன் விடையை அறிந்திருந்தனர். சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய சுவரில் ஆயிரம் இடுக்குகள் உள்ளன. ஒவ்வொன்றும் நீர் வெளியேறும் வாயில். பார்ப்பதற்கு அது குறை போலத் தோன்றும். சுவரின் உயிரே அதில்தான் உளது. மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை விட்டுவிடுவதே தாங்குசுவரின் தர்மம். இரண்டையும் பிடித்துக்கொள்ள முனையும் சுவர் இரண்டையும் இழக்கும், தானும் விழும்.

இதனை ஐயுறுவோர் தம் ஊர்ப் பழங்கிணற்றை எட்டிப் பார்க்கட்டும். வட்டமாகத் தோண்டிய கிணற்றுக்கு நம்மவர் கல் கட்டினர். சுற்றிலும் மண் அழுத்த அழுத்த, வட்டத்திலுள்ள கற்கள் ஒன்றையொன்று நெருக்கி இறுகுகின்றன. வளைவுக்குள்ள வலிமை அது. அதே வேளையில் கற்களின் இடுக்கு வழியே ஊற்றுநீர் உள்ளே வருகின்றது. மண்ணைத் தடுத்து நீரை அழைக்கும் சுவர் அது. இரண்டு தலைமுறைக்கு முன் நம் குடும்பங்களில் இவ்வேலை அறியாதார் அரியர்.

குளத்துப் படியின் நுட்பமும் இதுவே. குளம் நிறைந்திருக்கும்போது உள்ளிருக்கும் நீர் படிச்சுவரை எதிர்ப்புறத்திலிருந்து தாங்குகின்றது. அப்போது ஆபத்து குறைவு. நீர் விரைந்து வற்றும்போதே சோதனை. முன்னே தாங்கிய நீர் போய்விடும். பின்னேயுள்ள மண்ணிலோ நீர் இன்னும் நிறைந்திருக்கும். இடுக்குகள் திறந்திருந்தால் அந்நீரும் கசிந்து குளத்தில் இறங்கிவிடும், சுவர் பிழைக்கும். இடுக்குகளைச் சிமெண்டால் பூசி அழகு செய்திருந்தாலோ, அந்நீர் சுவரை முன்னோக்கித் தள்ளிவிடும். தீபத் திருவிழா முடிந்தபின் தெப்ப உற்சவம் நடைபெறும் நம்மூர் ஐயங்குளத்தின் கரையில் நின்று, கற்படிகளின் இடுக்குகளில் ஈரம் கசிவதைக் காணும்போது, அதனைப் பழுது என்று எண்ணற்க. அக்குளம் மூச்சு விடுகின்றது.

மலையிலும் இவ்வறிவு வேலை செய்துள்ளது. விரூபாக்ஷ குகைக்கு மேலே ஸ்கந்தாச்ரமம் இருக்கும் இடம் முன்பு சப்பாத்திக் கள்ளி மண்டிய சரிவு. கந்தசாமி என்னும் அடியார் அச்சரிவைத் திருத்திச் சமனாக்கினார். ஸ்ரீ ரமண மகரிஷிகள் 1916ஆம் ஆண்டளவில் அங்குச் சென்று 1922ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். சரிவில் தளம் அமைக்க வேண்டுமாயின் கீழ்ப்புறம் கற்கட்டு இன்றியமையாதது. பின்னர் மலையடிவாரத்தில் ரமணாச்ரமம் வளர்ந்தபோது, 1928ஆம் ஆண்டில் அங்கு வந்து கட்டடப் பணிகளை மேற்பார்த்த அண்ணாமலை சுவாமியின் நினைவுரைகளிலும் மண் தாங்கும் கற்சுவர் எழுப்பிய செய்தி வருகின்றது. மலையை நாடிய துறவியர்க்கும், கண்மூடி அமரும் முன்னே காலூன்ற இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைக் கல்லே கொடுத்தது.

2024 கார்த்திகை

இதுவரை எழுதியதைப் பழம்பெருமை என்று தள்ளிவிட முடியாதபடி ஒரு துயரம் நம் கண்முன் நிகழ்ந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அதன் மழை நம் மாவட்டத்தில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1ஆம் நாள், அண்ணாமலையின் அடிவாரத்து வ.உ.சி. நகரில் மலைச்சரிவு பெயர்ந்தது. பாறையும் சேறும் வீட்டின்மேல் வந்து விழுந்தன. குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் மாண்டனர். மறுநாள் தென்பெண்ணையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் நாள் மலையுச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. வழக்கமாக மலையேறும் பக்தர்களுக்கு அப்போது இசைவு தரப்படவில்லை. தீபத்தைக் கீழிருந்து தொழுத கண்களில் அவ்வாண்டு நீர் இருந்தது.

இங்கே நான் ஒன்றை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அவ்விடத்தில் நல்ல கற்சுவர் ஒன்று இருந்திருந்தால் அவ்வேழுயிரும் பிழைத்திருக்கும் என்று நான் எழுதேன், அஃது உண்மையாகாது. பெருமழையில் ஊறிய மண் பாறையின் பிடியை விட்டுவிட்டால், உருண்டு வரும் பெரும்பாறையை வீட்டுச் சுவரோ தோட்டத்துச் சுவரோ நிறுத்தாது. சுவர் என்பது தன் பின்னால் உள்ள சிறிதளவு மண்ணைத் தாங்குவதற்கே உரியது. மலையைத் தாங்குவதற்கு அன்று. நம் முன்னோர் மலையடியில் எங்குக் கல் எடுக்கலாம், எங்குக் குடிசை போடலாகாது என்பதை நீரோடும் தடம் பார்த்து முடிவு செய்வர். மழைநீர் இறங்கும் ஓடையில் மனை போட்டுவிட்டு, பின்னர்ச் சுவர் எழுப்பிக் காத்துக்கொள்ளலாம் என்பது பொய்த் துணிவு.

ஆயினும் இதனால் சுவரின் கடமை குறைந்துவிடவில்லை. சரிவான மனையில் வீடு கட்டியவர், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிலம் உடையவர், கிரிவலப் பாதையில் மடமும் சத்திரமும் வைத்திருப்பவர் ஆகிய நம்மவர் பலர்க்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறு சிறு சரிவுகளே பெருந்தொல்லை. அவற்றைத் தடுக்கும் ஆற்றல் நல்ல கற்சுவருக்கு உண்டு.

இல்லத்தார் அறிய வேண்டுவன

முதலில் மேலே ஓடிவரும் நீரைத் திருப்புக. சுவருக்குப் பின்னே, மேட்டில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மழைநீரை ஓரமாகக் கொண்டுபோய் விட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, கடைக்கால். கடினமான மண்ணோ பாறையோ கிடைக்கும்வரை தோண்டி, மிகப் பெரிய கற்களை அடியில் வைத்தல் வேண்டும். சாந்தில்லாச் சுவரின் அடிக்கனம் அதன் உயரத்தில் பாதிக்குக் குறைதல் ஆகாது. முகப்பைச் செங்குத்தாக எழுப்பாமல், ஓரடி உயரத்துக்கு 2 அங்குல அளவேனும் மேட்டுப் பக்கம் சாய்த்துக் கட்டுக. கல்லின் நீளப்பக்கம் சுவரின் உள்ளே போக வேண்டும். பார்வைக்கு அழகாக நீளத்தை வெளியே காட்டி வைப்பவன் சுவரைத் தோல்போல் மெலியச் செய்கின்றான். ஒரு வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் இணைப்பு வரலாகாது. சில அடிகளுக்கு ஒருமுறை, முகப்பிலிருந்து பின்புறம்வரை நீளும் நெட்டைக்கல் ஒன்று வைத்துச் சுவரைப் பூட்டுக. நடுவே விழும் பள்ளங்களைச் சில்லுக் கல்லால் நிரப்புக. மண்ணை வாரிப் போடற்க. மண் கரைந்தோடிவிடும்.

சுவரின் பின்னே ஓரடி அகலத்துக்கேனும் சல்லி நிரப்புதல் மிக முக்கியம். களிமண்ணைச் சுவரோடு ஒட்டிக் கொட்டினால் அது நீரை உறிஞ்சி வீங்கிச் சுவரைத் தள்ளும். சாந்திட்டுக் கட்டும் சுவராயின், ஐந்தடிக்கு ஒன்றாக நீர் கசியும் துளைகள் விடுக. பூச்சு வேலையின்போது அவற்றை அடைத்துவிடாதபடி வீட்டுக்காரரே நின்று பார்த்தல் நலம். நீர்க்கரையில் எழும் சுவரானால் அதன் அடியை அலை அரிக்கும். ஆகவே கடைக்காலை இன்னும் ஆழமாக்கி, அடியின் முன்னே பெருங்கற்களைக் குவித்துக் காக்க வேண்டும்.

உயரம் நாலடிக்கு மேற்பட்டால், கைப்பழக்கத்தை மட்டும் நம்பாமல் பொறியாளர் ஒருவரைக் கேட்டே செய்க. இடமிருந்தால் எட்டடிச் சுவர் ஒன்றைவிட, போதிய இடைவெளி விட்டு நாலடிச் சுவர் இரண்டு நன்று. சிவகங்கைக் குளத்துப் படிகள் காட்டும் பாடமும் அதுவே. கட்டி முடித்தபின் மழைக்குமுன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சுவரை நடந்து பார்த்தல் வேண்டும். வயிறு முன்தள்ளியிருந்தாலும், மேலே நிலம் வெடித்திருந்தாலும், முன்பு கசிந்த துளை நின்றுபோயிருந்தாலும் அது சுவர் நமக்குக் கூறும் எச்சரிக்கை என்றறிக.

முடிவுரை

கல் உடைக்கும் வாழ்வை நான் புகழ வரவில்லை. கல்லாங்குழியில் வெயிலில் வெந்தவர், தூசியால் நெஞ்சு நொந்தவர், வெடியில் விரல் இழந்தவர், முன்பணம் வாங்கிய கடனுக்காகத் தலைமுறையாய்க் கட்டுண்டு கிடந்தவர் நம் குலத்தில் எத்தனை பேர்! 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் யாருக்காக வந்ததோ அவர்களில் நம்மவரும் உளர். “என் மகன் சம்மட்டி தொடக்கூடாது” என்று உறுதி கொண்ட தந்தையரை நான் குறை கூறேன். அவ்வுறுதியால்தான் இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் பயில்கின்றனர்.

ஆனால் உழைப்பின் துன்பத்தை விடுவது வேறு. உழைப்பில் பிறந்த அறிவை விடுவது வேறு. சாந்தில்லாக் கற்கட்டு என்னும் கலையைக் குரோவேஷியா, சைப்ரஸ், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகள் தம் மக்களின் செல்வமென எடுத்துக்காட்ட, ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ கழகம் 2018ஆம் ஆண்டில் அதனை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அங்கே போற்றி ஏட்டில் எழுதப்படும் கலை, இங்கே நம் பாட்டனோடு சுடுகாடு போகலாமா?

ஆதலின் சங்கத்துப் பெரியோர்க்கு என் விண்ணப்பம் ஒன்று. கல்லடுக்கும் வேலை அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை மாதக் கூட்டத்துக்கு அழைத்து, முன்வரிசையில் அமர்த்தி, அவர்கள் வாய்மொழியை எழுதிக்கொள்க. ஏதேனும் ஒரு மனையில் பத்தடி நீளத்துக்குச் சுவர் ஒன்றை அவர்கள் முன்னின்று சொல்ல, பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் கட்டட்டும். கூலோமின் கணக்கு அப்பிள்ளைகளுக்குத் தெரியும். கல்லின் முகம் பார்த்து வைக்கும் கண் முதியவர்க்கு உண்டு. இரண்டும் ஒருநாள் ஒரு சுவரில் சந்தித்தால், அடுத்த பெருமழைக்கு இவ்வூர் நம் குலத்துக்கு நன்றி சொல்லும்.

அடுத்த முறை அண்ணாமலையார் சந்நிதிக்குச் செல்லும்போது, கோபுரத்தை வணங்கிய கையோடு சிவகங்கைக் கரைக்கும் ஒரு கணம் செல்க. உடன் வரும் குழந்தைக்கு அப்படிகளைக் காட்டுக. கல்லில் அரசன் பெயர் உண்டு. கல்லை வைத்தவன் பெயர் இல்லை. அப்பெயரை நாம் நம் பிள்ளைகளின் நெஞ்சில் எழுதுவோமாக.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் குலம்!